பதினாறு சொற்களும் ஒரு பரிச வாக்கும்

உடல்நலக் குறைவைப் பிறரிடம் விரித்துரைப்பது எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்த நாட்களில், சக பேராசிரியர்கள் மூட்டுவலியையும் சர்க்கரையையும் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வேன். ஆயினும் இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது இன்னதென்று கள்ளக்குறிச்சியில் சரியாக அறிந்தவர் சிலரே. 'அவருக்கு நினைவு தப்பிவிட்டது' என்று கடைத்தெருவில் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. நினைவு தப்பவில்லை, தப்பியது வேறு. அதை வாயால் விளக்கப் போனால் வதந்தியே உறுதிப்படும் என்பதால் எழுத்தை நாடினேன். எழுதியதை மறுபடி வாசித்துப் பிழை கண்டால் அடித்துத் திருத்த இயலும். பேச்சில் அந்த வசதி எனக்கு இப்போது இல்லை.

ஆசிரியர் தினத்தை ஒட்டிக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது நா வறண்டது. மேசையோரத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அதைக் காட்டி, "அந்தத் தேநீரை எடுங்கள்" என்றேன். தண்ணீர் என்று சொன்னதாகவே எண்ணினேன். யாரோ ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தார்கள். நான் தலையசைத்து, "இது இல்லை, காபி" என்றேன். மலைமக்கள் விருந்தினர் கேட்டதை இல்லை என்று சொல்லாதவர்கள். சற்று நேரத்தில் காபியும் வந்தது. "மோர்" என்றேன்.

மேடைக்குக் கீழே ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "பெரிய எடத்து மனுசன்பா. இன்னா குடுத்தாலும் புடிக்கல பாரு."

எனக்குச் சினம் வந்தது. சினத்தைச் சொல்ல வாய் திறந்தபோது வலக்கையிலிருந்து ஒலிவாங்கி நழுவி விழுந்தது. பித்தம் என்று முடிவு செய்தார்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தார்கள். தலைமையாசிரியர் அறையில் ஒரு பெஞ்சில் கிடத்தி, தலையில் ஈரத் துண்டைப் போட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். வாய் ஒரு பக்கம் கோணுவதைப் பார்த்து வேனில் ஏற்றியபோது வெயில் சாய்ந்திருந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் என் உடம்பு மூட்டையைப் போல இருபுறமும் சரிந்தது. கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, விளக்கேற்றும் நேரத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையை அடைந்தோம்.

தலையை வட்டமான கருவிக்குள் நுழைத்துப் படம் எடுத்தார்கள். அது சி.டி. ஸ்கேன். மூளையில் இரத்தக் கசிவா அடைப்பா என்பதை முதலில் தெரிந்துகொள்ளவே அது. எனக்கு அடைப்பு. மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் இரத்தக்கட்டி வந்து அமர்ந்திருந்தது. அதைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அந்த நேரம் எலுமிச்சைச் சாற்றிலும் மலை வளைவுகளிலும் கழிந்திருந்தது. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, சொல் மாறினாலோ பித்தம் என்று எண்ணி ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். இதை வாசிப்போரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது ஒன்றே.

மறுநாள் காலை மருத்துவர் தம் பேனாவை என் முன்னே நீட்டினார். "ஐயா, இது என்ன?"

"பென்சில்."

கடிகாரத்தைக் காட்டினார். "மோதிரம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத் தவறு என்று உணர்ந்தேன். என் காதுக்கு அது சரியாகவே ஒலித்தது. இதில் உள்ள கொடுமை அதுதான். பொருளை அறிவேன், அதன் பயனை அறிவேன், அந்தக் கடிகாரம் மணி எத்தனை காட்டுகிறது என்பதையும் கண்ணால் அறிந்தேன். பெயர் மட்டும் வரும் வழியில் மாறிவிடுகிறது.

இதற்கு அஃபேசியா என்று பெயர். தமிழில் பேச்சிழப்பு என்கிறார்கள். ஊமையாகப் போவதன்று, புத்தி கெடுவதும் அன்று. மூளையில் சொற்களைத் தேடி எடுத்துத் தரும் பகுதிக்கு அடிபடுவது. வேடிக்கை என்னவெனில், குழந்தைப் பருவத்தில் நெட்டுருப் போட்டவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழமைகள் ஏழையும் வரிசையாகச் சொன்னேன். வாய்பாடு சொன்னேன். தேவாரப் பதிகம் ஒன்றை முழுதும் பாடினேன். அதை முடித்த கையோடு, குடிக்கத் தண்ணீர் கேட்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என் மனைவி அலமேலு கட்டிலருகே ஸ்டூல் போட்டு அமர்ந்துவிட்டாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் என் வார்த்தையை அவள் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. மருத்துவமனையில் அது தலைகீழாயிற்று. சரியான சொல்லைச் சொல்லாமல் அவள் எதையும் என் கையில் கொடுக்க மாட்டாள்.

"சீப்பு" என்பேன்.

"இது சீப்பு இல்லீங்க. இன்னா இது? மூஞ்சி பாக்கறது. சொல்லுங்க."

"பவுடர்."

"பவுடரும் இல்ல. கண்ணாடி. கண்ணாடின்னு சொன்னாதான் கையில குடுப்பேன். ஒரு வாட்டி சொல்லுங்க."

"கண்… ணாடி."

"ஆங். அப்படி வாங்க வழிக்கு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பு கூசும். அவளோ சிரிக்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள். மருத்துவமனைக் கட்டணம் பற்றிய பேச்சு எதுவும் என் காதில் விழாமல் என் மகன் செந்தில் பார்த்துக்கொண்டான். அந்த மௌனத்தைவிட அவளுடைய பிடிவாதமே எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

பரிசோதனைகள் தொடர்ந்தன. கழுத்து இரத்தக் குழாய்களைப் பார்க்கத் தோலில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். இதயத்தில் இரத்தக்கட்டி உருவாகிறதா என்று எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு அறை. ஒவ்வோர் அறையிலும், சக்கர நாற்காலியில் இருக்கும் என்னை அடையாளம் காண எவரேனும் ஒருவர் இருப்பார். "சார்தானே?" என்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். உறங்குபவன் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தைவிடப் பார்வையாளர்கள் கடினம். நம் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்த கையோடு கேட்கும் முதல் கேள்வி, "என்னைத் தெரியுதாங்க?" என்பதே. பக்கவாத நோயாளியிடம் தவறாமல் கேட்பார்கள். தெரியாமலா? அவர்கள் பாட்டன் பெயரும் தெரியும், அவர்கள் நிலத்தின் கிழக்கெல்லையும் தெரியும். உறவு முறையைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்பார்கள். அங்கேதான் நான் இடறி விழுவேன்.

களமருதூரிலிருந்து அலமேலுவின் தம்பி கோவிந்தன் வந்தான். நெல் அறுவடையை விட்டுவிட்டு வந்திருந்தான். அறைக்குள் நுழையும்போதே சத்தம். "இன்னா மாமா, இப்படிப் படுத்துக்கினு இருக்கற? என்னைத் தெரியுதா?"

மைத்துனன் என்ற சொல்லைத் தேடினேன். "மாமனார்" என்றேன்.

கோவிந்தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அய்யய்யோ! எங்கப்பா செத்து எம்மாங் காலம் ஆச்சு! என்னை அவரு எடத்துல தூக்கி வெச்சிட்டியே மாமா. அப்போ நீ என் கால்ல வுழணுமே, தெரியுமா?"

"டேய், சும்மா இருடா" என்று அலமேலு அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இது என் தம்பிங்க. மச்சான். சொல்லுங்க" என்றாள்.

"மச்சான்" என்றேன். கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆரஞ்சு உரிக்க உட்கார்ந்தான். அவன் என்னைக் கிண்டல் செய்த அந்த ஐந்து நிமிடமும் நான் நோயாளியாக இல்லை. அதை அவனிடம் சொல்ல எண்ணினேன். சொல்லவில்லை.

இவ்வளவையும் நான் பொறுத்ததற்கும், பொறுக்க முடியாமல் தவித்ததற்கும் காரணம் தை மாதம். செந்திலின் மகள் யாழினிக்குத் திருமணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம் செய்பவர்கள். தையில் பரிசம் போட்டு நிச்சயம் செய்வதாக இருந்தது. எங்கள் வழக்கில் பரிசத்தன்று புரோகிதர் சொல்லும் மந்திரத்தைவிடப் பெரியவர்களின் வாக்கே பெரிது. சபை நடுவே இரு வீட்டு மூத்தவர்களும் தட்டோடு எதிரெதிரே அமர்வார்கள். முதலில் பெண் வீட்டு மூத்தவர், "பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்பார். பெண் வீட்டு மூத்தவர், "பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்பார். மும்முறை சொன்னதும் தட்டு மாற்றுவார்கள். அவ்வளவே. என் தங்கைக்கும் என் மகள்களுக்கும் பெண் கொடுத்தவனாக அதைச் சொல்லியிருக்கிறேன். என் மகனுக்கும் தம்பி மக்களுக்கும் பெண் எடுத்தவனாகவும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வகையறாவில் மூத்தவன் நான்.

செந்தில் ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தான். "அப்பா, பரிசத்துல சித்தப்பா சொல்லட்டுமே. நீங்க பக்கத்துல உக்காந்துக்கினா போதும்."

மூத்தவன் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கையில் இளையவன் வாக்குச் சொன்னால், சபை மூத்தவனை அன்றே இறந்தவர்களோடு சேர்த்துவிடும். அதன்பின் அவன் முன்வரிசையில் அமரலாம், ஆரத்தித் தட்டில் பணம் போடலாம். அவனிடம் எவரும் எதையும் கேட்க மாட்டார்கள். இதைச் செந்திலிடம் விளக்கும் அளவுக்கு என்னிடம் சொற்கள் இருக்கவில்லை. "நான்" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல் மாறாமல் வந்தது.

வீடு திரும்பிய பின் யாழினிதான் அந்தப் புதிரை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள். நாள்தோறும் காலையில் ஒரு புதிர் வரும். பதினாறு சொற்கள் கட்டங்களில் இருக்கும். ஒன்றோடொன்று உறவுள்ள நான்கு நான்காக அவற்றைப் பிரிக்க வேண்டும். நான்கு தவறு செய்தால் ஆட்டம் முடிந்தது. "சொல்லு சம்பந்தமா எதாச்சும் பண்ணிக்கினே இருந்தா நல்லதுதானே தாத்தா" என்றாள்.

முதல் வாரம் படுதோல்வி. மா, பலா, வாழை என்று மூன்றும் கண்ணில் பட்டவுடன் முக்கனி என்று பாய்ந்து தொட்டேன். நான்காவதாகக் கொய்யாவைச் சேர்த்தேன். தவறு. அன்று தாமரை, மந்தாரை, தேக்கு ஆகியவையும் இருந்தன. இவை மூன்றும் சாப்பாடு பரிமாறும் இலைகள். அவற்றுக்கு நான்காவது வாழை. பழக்கூட்டத்துக்கோ ஒரு மூலையில் சப்போட்டா காத்திருந்தது. வாய் வழக்கத்தில் சேர்ந்தே வருபவற்றைப் பிரித்து வைப்பதுதான் புதிர் செய்பவரின் தந்திரம் என்று அன்று புரிந்தது.

அதன்பின் முறை வகுத்துக்கொண்டேன். முதற்பார்வையில் துள்ளி எழும் கூட்டத்தைத் தொடுவதில்லை. ஒரு கூட்டத்துக்கு ஐந்து சொற்கள் பொருந்தினால் அதை ஒதுக்கிவைப்பேன்; அந்த ஐந்தில் ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை. எந்தச் சொல்லுக்குப் போக ஒரே ஓர் இடம்தான் உண்டோ, அதிலிருந்து தொடங்குவேன். தனியே நின்று முறைக்கும் அந்நியச் சொல்தான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். மூக்குத்தி, தோடு, வளையல், ஒட்டியாணம், மெட்டி என்று ஐந்து நகைகள் வந்த நாளில் நான் அவற்றைத் தொடவே இல்லை. குங்குமம் எங்கே போகும் என்று மட்டும் யோசித்தேன். அதற்குத் தாலியும் பூவும் மஞ்சளும் துணை என்று கண்டேன், இவை சுமங்கலிக்குரியவை. மெட்டியும் இதில் சேரும் என்பதால் இங்கும் ஐந்து. மஞ்சளை இழுத்துக்கொள்ள மிளகும் சீரகமும் கடுகும் இருந்தன. ஆகவே மஞ்சள் அஞ்சறைப்பெட்டிக்குப் போயிற்று. மெட்டி தாலியோடு நின்றது. ஒரு தவறும் இல்லை. மார்கழிக்குள் பெரும்பாலான நாட்களில் தவறின்றி முடித்தேன். கோவிந்தன் ஊரிலிருந்து அதே புதிரை முயன்று தோற்று, "மாமா, ஒரு க்ளூ குடேன்" என்று கெஞ்சிக் குரல் செய்தி அனுப்புவான். நான் பதில் அனுப்புவதில்லை. ஆனால் அந்தச் செய்தியை இருமுறை கேட்பேன்.

புதிரில் தேறுகிறேன், ஆகவே நோயில் தேறுகிறேன் என்று கணக்கிட்டேன். அதை நம்பினேன் என்று சொல்வதே நேர்மை. மார்கழிக் கடைசியில் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த நம்பிக்கையோடுதான் போனேன்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணின் பெயர் பிரியா. திருக்கோவிலூர்க்காரர், அந்தப் படிப்பில் முதுகலை முடித்தவர். படங்கள் உள்ள அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார். கரண்டிக்கு டம்ளர் என்றேன். ஆட்டுக்கு மாடு என்றேன். முடிந்ததும் கைப்பேசியை எடுத்து, தவறின்றி முடித்த புதிர்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"சூப்பரா பண்றீங்க சார். எனக்கே பாதி வராது."

"அப்படியானால்…" என்று அட்டைகளைக் காட்டினேன்.

அவர் அட்டைகளை அடுக்கி வைத்தார். "சார், நீங்க மாத்திச் சொன்னதெல்லாம் யோசிச்சுப் பாருங்க. தண்ணிக்கு டீ, காபி, மோர். எல்லாம் குடிக்கறது. பேனாவுக்குப் பென்சில். ஆட்டுக்கு மாடு. ஒரு தடவகூட தண்ணிக்கு நாற்காலின்னு சொல்லல நீங்க. உங்களுக்குக் கூட்டம் கெடவே இல்ல சார். கூட்டத்துலருந்து ஒருத்தரைத் தனியாக் கூப்புடறதுதான் வரல."

அவர் மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை. வரலாறு படித்தவனுக்குச் சான்று என்றால் என்னவென்று தெரியும். எது என்னிடம் உடையாமல் இருந்ததோ, அதையே நான் மாதக்கணக்கில் பயின்று மெருகேற்றியிருக்கிறேன். உடைந்தது உடைந்தவாறே இருந்தது. புதிரில் தேறியது புதிரில் மட்டுமே.

அலமேலு பரிசத்தைப் பற்றிக் கேட்டாள். பிரியா அந்த வாக்கை முழுதும் கேட்டறிந்தார், முகம் மாறியது. "ஜோடியா இருக்கற வார்த்தைதான் இவருக்கு ரொம்பக் கஷ்டம். குடுக்கறது, வாங்கறது. உங்களுது, எங்களுது. அதுலயும் ரெண்டு பக்கமும் சொல்லிப் பழகியிருக்காரு. சின்ன அட்டையில எழுதிக் கையில வெச்சிக்கங்க சார். பாத்துப் படிக்கறது உங்களுக்கு ஓரளவு வருது."

நான் மறுத்தேன். பெண்ணைக் கொடுக்கும் வாக்கை எந்த மூத்தவரும் தாளைப் பார்த்து வாசித்து நான் கண்டதில்லை.

அன்று மாலை என் தம்பி நடராசனை வரவழைத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சடங்கில் இம்மி பிசகினாலும் எழுந்து நிற்பவன். என் இளைய மகளின் பரிசத்தில் தட்டு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதை மறுத்து, சபையிலேயே என்னோடு வாதிட்டு வென்றவன். அவனிடம், பல சொற்கள் மாறிவர, மறுபடி மறுபடி சொல்லி, ஒன்றை விளங்க வைத்தேன். வாக்கை நான்தான் சொல்வேன். தவறினால் அவன் அங்கேயே எழுந்து தவறு என்று சொல்ல வேண்டும்.

"சபையிலயாண்ணா?"

"சபையில்."

"சொல்லிடுவேன். அப்பறம் கோவிச்சிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"இன்னாண்ணா நீ, சின்ன வயசுல ஒரு தப்பு கண்டுபுடிச்சா ஒரு வாரம் பேச மாட்டியே" என்று சிரித்தான். கையடித்து ஒப்புக்கொண்டான்.

பொங்கல் கழிந்து பரிசம் வரும் வரை அலமேலு என்னைப் பயிற்றினாள். அவள் கறிகாய் அரிந்துகொண்டே மாப்பிள்ளை வீட்டாராக மாறிவிடுவாள். நான் வாக்கைச் சொல்வேன்; சரியாக வந்தால் அவள், "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்று முடிப்பாள். மாறினால் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். "தப்பு. மறுபடியும்." பத்துக்கு ஏழு சரியாக வந்தது. பிறகு எட்டு.

பரிசத்தன்று எங்கள் தெருக்கோடி மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா ஏகாம்பரம் அமர்ந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். யாழினி பட்டுச் சேலையில் தலை குனிந்திருந்தாள். எங்கள் ஊரில் பெண் வீட்டார் முதலில் சொல்வது வழக்கம். புரோகிதர் எனக்குச் சைகை காட்டினார். நெஞ்சு தெளிவாக இருந்தது. மும்முறையும் உரக்க, தடுமாறாமல் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு எடுத்ததைக் கீழே இறக்கியிருந்தார். யாழினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியாகவே கேட்டிருந்தது. ஆனால் முகங்களை வாசிக்க மருத்துவமனையில் கற்றிருந்தேன். நடராசனைத் தேடினேன். தூணருகே உட்கார்ந்திருந்தான். எங்கள் கண்கள் சந்தித்தன. எழுந்து நிற்க வேண்டியவன் தன் துண்டின் முனையைப் பார்த்துக்கொண்டான்.

ஏகாம்பரம் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் மும்முறை சொன்னார். அமைதியாக, ஒரு சொல் பிசகாமல். "பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது." இரு பாதியும் சேர்ந்து வாக்கு முழுமையாயிற்று. "ரெண்டு வாக்கையும் சபை கேட்டுக்கினுச்சு. போதும். தட்டு மாத்துங்க" என்றார்.

மேளம் முழங்கியது. பெண்கள் வரிசையிலிருந்து யாரோ, "பேத்திய வுட மனசு வரல பாரு பெரியவருக்கு. பொண்ணு எங்களுதுன்னாரே!" என்றார்கள். அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. சிரித்தார்கள். இரண்டொருவர் கண் கலங்கினார்கள். ஏகாம்பரம் என் கையைப் பற்றிக்கொண்டு, "எங்க வூட்டுக்கு வந்தாலும் அவ உங்க பொண்ணுதாங்க சம்பந்தி" என்றார். நல்ல மனிதர். அவரை நான் என்றும் மதிப்பேன். அன்றைக்கு அவர் கையை உதறிவிட்டு வெளியேற வேண்டும் போல் இருந்தது.

பந்தியில் நடராசன் எனக்கு அருகே அமரவில்லை. கை கழுவும் இடத்தில் பிடித்து நிறுத்தினேன். "ஏன்?" என்றேன். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"வுடுண்ணா. அதெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல" என்றான். தோளைத் தட்டிக் கொடுத்தான். தட்டின் திசைக்காக என்னோடு வாதிட்டவன், என் தோளைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் செந்திலின் கைப்பேசியில் எடுத்திருந்த காட்சியை வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர், கம்பீரமான குரலில், மும்முறையும் தவறாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்ப்பவரைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

அலமேலு நகைகளைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய் அமர்ந்தேன்.

"நான் சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டேன்.

அவள் வளையலைக் கழற்றுவதை நிறுத்தினாள். 'தப்பு. மறுபடியும்' என்ற அந்தக் குரலை எதிர்பார்த்து, ஒரு மாணவனைப் போலக் காத்திருந்தேன்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். எழுந்து வந்து என் அங்கவஸ்திரத்தை வாங்கி மடித்தாள். "அசதியா இருப்பீங்க. படுங்க."